எம்மேப் வழியாகப் பெற்ற நினைவகத்தில் சொந்த ஹீப்: மூன்று ஒதுக்கீடுகளுக்குப் பின் மீதி அளவு 4702111234474983745 என்று வருகிறது

யானைமலை மாணவன் | திங்கள், இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். மேலூர் சாலையில் உள்ள ஒரு பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இயங்குதளப் பாடத்தின் செய்முறைக்காக, நிரலுக்கு நினைவகம் ஒதுக்கித் தரும் மேலாக், அதைத் திரும்பப் பெறும் ஃப்ரீ ஆகிய இரண்டையும் சி மொழியில் நாங்களே எழுத வேண்டும். நூலகத்தின் மேலாக்கைத் தொடக்கூடாது; இயங்குதளத்திடம் நினைவகம் கேட்கும் எம்மேப் அழைப்பை ஒரே ஒரு முறை செய்து 1 மெகாபைட்டைப் பெற்று (இதுதான் எங்கள் ஹீப்), அதற்குள்ளேயே பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. மதிப்பெண் இடும் வரை நிரலை வெளியே ஒட்டக் கூடாது என்று ஆசிரியர் சொல்லியிருப்பதால் சொற்களில் விவரிக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு தொகுதிக்கும் முன்னால் அதன் விவரத்தைச் சொல்லும் ஒரு ஹெடர் வைத்திருக்கிறேன். அந்த ஸ்ட்ரக்சரில் இரண்டே உறுப்புகள்: சைஸ்_டி வகையில் அளவு, அடுத்த காலித் தொகுதியைக் காட்டும் சுட்டி. 64 பிட் கணினி என்பதால் மொத்தம் 16 பைட். ஹீப்பைத் தொடங்கிவைக்கும் சார்பில், படிக்கவும் எழுதவும் அனுமதியுடன், தனி, பெயரிலி (எந்தக் கோப்போடும் சேராதது) என்ற இரு கொடிகளுடன், கோப்பு எண்ணாக -1 கொடுத்து 10,48,576 பைட்டுக்கு எம்மேப்பை அழைக்கிறேன். திரும்பி வந்தது நல் (எதையும் காட்டாத வெற்றுச் சுட்டி) என்றால் பிழை. இல்லையென்றால் நினைவகத்தை ஒரே பைட்டால் நிரப்பும் மெம்செட் மூலம் முழுவதையும் சுழியமாக்கி, தொடக்க முகவரியில் முதல் ஹெடரை எழுதி, அதன் அளவு 10,48,576 என்றும் அடுத்தது நல் என்றும் வைக்கிறேன்.

ஒதுக்கும்போது, முகவரியைக் கேரக்டர் சுட்டியாக மாற்றி, 16 பைட்டும் கேட்ட அளவும் கூட்டி, அங்கே மீதித் தொகுதியின் ஹெடரை எழுதுகிறேன். பயனருக்குத் திருப்பித் தருவது ஹெடர் சுட்டியோடு ஹெடரின் அளவைக் கூட்டி வரும் முகவரி.

சோதனையில் 100 பைட் வீதம் மூன்று முறை கேட்டேன். மீதி 10,48,228 என்று சரியாக வந்தது. பிறகு முதல் தொகுதியைப் பெரிய ஆங்கில ஏ எழுத்தாலும், அடுத்ததைப் பி எழுத்தாலும், மூன்றாவதைச் சி எழுத்தாலும் நிரப்பிவிட்டு மறுபடி மீதியைப் பார்த்தால் 4702111234474983745 என்று காட்டுகிறது. நிரப்புவதற்கும் மீதி அளவுக்கும் என்ன தொடர்பு? மெம்செட்டில் ஏதாவது கோளாறா?

---

மாசி வீதி | திங்கள், இரவு 9.58

நினைவகப் பிழைகளைத் தேடும் வால்கிரைண்ட் கருவியில் ஓட்டிப் பார்த்தீர்களா?

---

யானைமலை மாணவன் | திங்கள், இரவு 10.06

பார்த்தேன் அண்ணா. பிழை எதுவுமே இல்லை என்று சொல்கிறது.

---

வைகை வடகரை | திங்கள், இரவு 10.31

வால்கிரைண்ட் குறை சொல்லாதது இயல்பு. அதன் பார்வையில் எம்மேப் தந்த 1 மெகாபைட் முழுவதும் முறையாகப் பெற்ற ஒரே நிலப்பரப்பு. அதற்குள் நீங்கள் எந்த இடத்தை எந்தத் தொகுதியாகக் கருதுகிறீர்கள் என்பது அதற்குத் தெரியாது. நூலக மேலாக்கை அது இடைமறித்துக் கவனிப்பதால்தான் அங்கே பைட் கணக்கில் பிழை பிடிக்கிறது. நினைவகம் ஒதுக்கும் நிரலை (அலோகேட்டர்) நாமே எழுதினால், ஒவ்வொரு ஒதுக்கீட்டையும் அதற்கென உள்ள மேக்ரோக்களால் நாம்தான் அதற்கு அறிவிக்க வேண்டும்.

இனி உங்கள் எண்ணுக்கு வருகிறேன், தம்பி. 4702111234474983745 என்பதைப் பதினாறடிமானத்தில் எழுதிப் பாருங்கள். 41 என்ற பைட் எட்டு முறை வரிசையாக வரும். பதினாறடிமான 41 நம் வழக்கமான எண்ணில் 65. பெரிய ஏ எழுத்தின் ஆஸ்கி மதிப்பு. அதாவது முதல் தொகுதியில் நீங்கள் நிரப்பிய ஏ எழுத்துகளில் எட்டு, மீதித் தொகுதியின் அளவு இருக்கும் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டன. மெம்செட் மீது பழி இல்லை. நீங்கள் சொன்ன இடத்தில்தான் அது எழுதியிருக்கிறது.

எப்படிப் போய் உட்கார்ந்தன என்பதை உங்கள் விவரிப்பிலிருந்தே கணக்கிடலாம். ஹெடர் சுட்டியோடு 16ஐக் கூட்டினால் 16 பைட் நகரும் என்று எண்ணியிருக்கிறீர்கள். சி மொழியில் சுட்டியோடு ஒன்றைக் கூட்டுவது என்பது அது காட்டும் பொருளின் ஒரு நீளம் நகர்வது. உங்கள் பொருள் 16 பைட். ஆகவே 16 பொருள் நகர்ந்து 256 பைட் தள்ளிப் போய்விட்டது. மீதித் தொகுதியைக் குறிக்கும்போது கேரக்டர் சுட்டியாக மாற்றியதால் அந்தக் கணக்கு சரியாக இருந்தது. பயனருக்குத் தரும்போது மாற்றாததால் இது தவறியது. ஒரே சார்புக்குள் இரண்டு அளவுகோல்.

ஹீப்பின் தொடக்கத்தை 0 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹெடர்கள் 0, 116, 232, 348 ஆகிய இடங்களில் விழுகின்றன. 348இல் இருப்பது மீதித் தொகுதியின் ஹெடர். பயனருக்குப் போன முதல் தொகுதியோ 256இல் தொடங்கி 355 வரை நீள்கிறது. மீதியின் அளவு உறுப்பு 348 முதல் 355 வரை. எட்டுப் பைட்டும் அச்சு அசலாக மேலே விழுகின்றன. இரண்டாவது தொகுதி 372இலும் மூன்றாவது 488இலும் தொடங்குவதால் பி, சி எழுத்துகள் அங்கே வந்து தொடவில்லை. இரண்டு ஒதுக்கீட்டோடு நிறுத்தியிருந்தால் மீதியின் ஹெடர் 232இலேயே இருந்திருக்கும். முதல் தொகுதி அதைத் தொட்டிருக்காது. நிரல் சரி என்றே நினைத்து ஒப்படைத்திருப்பீர்கள்.

திருத்தம் எளிது. ஹெடர் சுட்டியோடு 1ஐக் கூட்டுங்கள், அல்லது கேரக்டர் சுட்டியாக்கி 16ஐக் கூட்டுங்கள். எதையாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து நிரல் முழுவதும் அதையே பின்பற்றுங்கள்.

---

யானைமலை மாணவன் | செவ்வாய், காலை 7.15

அக்கா, நேற்று இரவே மாற்றிப் பார்த்தேன். மூன்றையும் நிரப்பிய பிறகும் மீதி 10,48,228 என்றே நிற்கிறது. மிக்க நன்றி.

ஆனால் வேறொன்று தலைகாட்டுகிறது. ஹீப் காலியாக இருக்கும்போது 10,48,576 பைட் முழுவதையும் ஒரே முறையில் கேட்டு நிரப்பினால், ஆய்வகக் கணினியில் செக்மென்டேஷன் ஃபால்ட் (அனுமதியில்லாத முகவரியைத் தொட்ட பிழை) வருகிறது. அதே நிரல் என் தோழியின் மடிக்கணினியில் எந்தச் சத்தமும் இல்லாமல் ஓடி முடிகிறது. அவள் கணினிதான் நல்லது என்று சொல்லிச் சிரிக்கிறாள்.

---

மேலூர்க்காரர் | செவ்வாய், காலை 8.50

தம்பி, என் தந்தை நில அளவராக இருந்தவர். நான் சி எழுதிப் பிழைப்பவன். வீட்டில் இரண்டு பேரும் செய்தது ஒரே வேலைதான் என்று எனக்கு அடிக்கடி தோன்றும், ஆகவே இதை அவர் மொழியில் சொல்கிறேன்.

ஒரு ஏக்கரை வாங்கி மனை போடுபவர், பாதைக்கு விட்ட இடத்தையும் மனையின் அளவில் சேர்த்து எழுதிவிட்டால் என்ன ஆகும்? முதல் சில மனைகளை வாங்கியவர்களுக்கு ஒன்றும் தெரியாது. கடைசி மனைக்காரர் சுவர் எழுப்பப் போகும்போதுதான் அது பக்கத்து வயலுக்குள் போகும். நீங்கள் தொடக்கத்தில் முதல் தொகுதியின் அளவை 10,48,576 என்று எழுதினீர்கள். அந்த எண்ணை எழுதிய ஹெடரே அந்த நிலத்தில் 16 பைட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பயனருக்குக் கொடுக்க இருப்பது 10,48,560 மட்டுமே. முழுவதையும் கேட்டவரிடம் இருக்கிறது என்று சொல்லிக் கொடுத்தீர்கள். அவர் 16 பைட் எல்லை தாண்டி எழுதினார்.

தோழியின் மடிக்கணினி நல்லது என்பதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். லினக்ஸ் வழக்கமாக எம்மேப் பகுதிகளை மேலிருந்து கீழாக அடுக்கும். புதிதாகக் கேட்டது, ஏற்கெனவே இருப்பவற்றுக்குக் கீழே ஒட்டி வந்து அமரும். ஆகவே உங்கள் 1 மெகாபைட் முடியும் இடத்தில் இன்னொருவருடைய பகுதி தொடங்கக்கூடும். அது எழுதத்தகாத பகுதி என்றாலோ வெற்றிடம் என்றாலோ ஃபால்ட் வரும். எழுதத்தக்கது என்றால் உங்கள் 16 பைட் அங்கே இருந்த வேறு எதையோ அழித்துவிட்டு அமைதியாக இருக்கும். ப்ராக் அடைவில் செல்ஃப் என்பதன் கீழுள்ள மேப்ஸ் கோப்பை இரண்டு கணினியிலும் நிரலுக்குள்ளிருந்தே திறந்து அச்சிட்டுப் பாருங்கள். உங்கள் பகுதிக்கு மேலே யார் குடியிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். ஃபால்ட் வந்த ஆய்வகக் கணினிதான் உங்களுக்கு நன்மை செய்திருக்கிறது.

இன்னொன்று. 100 கேட்டால் 100ஐயே வெட்டுகிறீர்கள். அதனால் இரண்டாவது ஹெடர் 116இல் வந்தது. 116 என்பது 8ஆல்கூட வகுபடாத இடம். எக்ஸ்86 செயலி இதைப் பொறுத்துக்கொள்ளும் என்பதால் உங்களுக்கு உறைக்கவில்லை. ஆனால் மேலாக் தரும் முகவரி எந்த அடிப்படை வகைக்கும் பொருந்த வேண்டும் என்பது சி மொழியின் விதி. 64 பிட் எக்ஸ்86இல் அதற்கு 16இன் மடங்கு வேண்டும். எம்மேப் தரும் முகவரி எப்போதும் ஒரு பக்கத்தின் எல்லையில் தொடங்குவது, பக்கம் 4,096 பைட், ஆகவே தொடக்கம் தானாகவே 16இன் மடங்கு. ஹெடர் 16 பைட். கேட்ட அளவையும் 16இன் மடங்காக மேல்நோக்கி முழுமையாக்கினால், அதன் பிறகு எத்தனை முறை வெட்டினாலும் எல்லா எல்லைக்கல்லும் 16இன் மடங்கிலேயே விழும். 100 கேட்டவருக்கு 112 கொடுங்கள். அந்தக் கணக்கில் மூன்று முறைக்குப் பின் மீதி 10,48,176 வர வேண்டும்.

---

திருமங்கலம் | செவ்வாய், காலை 11.20

பாலிடெக்னிக்கில் இதே பாடத்தை எடுப்பவன் என்ற முறையில், இதுவரை யாரும் தொடாத இரண்டு இடங்களைச் சொல்கிறேன். மதிப்பீட்டாளர் முதலில் பார்ப்பது இவற்றைத்தான்.

முதலாவது, எம்மேப் தோற்றால் நல் திரும்புவதில்லை. மேப்_ஃபெயில்ட் என்ற மதிப்பு திரும்பும்; அது வெற்றுவகைச் சுட்டியாக மாற்றப்பட்ட -1. முகவரி 0ஐக்கூடக் கேட்டுப் பெறும் வாய்ப்பு எம்மேப்பில் கொள்கையளவில் இருப்பதால் நல் என்பதைத் தோல்விக்குக் குறியாக வைக்க முடியாது. உங்கள் சோதனையில் தோல்வி வெற்றியாகத் தெரியும். அடுத்த வரியில் முகவரி வெளியின் கடைக்கோடியில் எழுதப் போய் நிரல் விழும். இதை நம்புவதற்குக் காத்திருக்க வேண்டாம். நீளம் 0 என்று கொடுத்து எம்மேப்பை அழையுங்கள். இன்றைய லினக்ஸ் அதை ஏற்காது. அல்லது ஷெல்லில் யூலிமிட் கட்டளையால் முகவரி வெளியின் வரம்பைக் குறைத்துவிட்டு ஓட்டுங்கள். தோல்விப் பாதையை ஒரு முறையேனும் கண்ணால் பார்க்காமல் தொடக்கச் சார்பு முடிந்துவிட்டது என்று சொல்லக் கூடாது.

இரண்டாவது, கம்பைலரைக் கண்டிப்பான சி99 முறையில் அழைத்தால் பெயரிலிக் கொடியின் பெயரே தெரியாது என்று அது சொல்லும். கோப்பின் முதல் வரியில், எந்த ஹெடர் கோப்பையும் சேர்ப்பதற்கு முன்பாக, _டிஃபால்ட்_சோர்ஸ் என்ற மேக்ரோவை வரையறுத்துவிட்டால் தீரும். மாணவர்கள் இந்த இடத்தில் கொடியின் எண் மதிப்பை எங்கிருந்தோ பார்த்துவந்து தாங்களே வரையறுத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்த எண் எல்லா இயங்குதளத்திலும் ஒன்றல்ல.

மெம்செட்டையும் எடுத்துவிடலாம். பெயரிலிப் பகுதி சுழியமாகவே வரும் என்பது இயங்குதளத்தின் மையமான கெர்னலின் உறுதி.

---

வைகை வடகரை | செவ்வாய், மாலை 6.45

மெம்செட் பற்றித் திருமங்கலம் ஐயா ஒரு வரியில் முடித்துவிட்டார். அதன் மறுபக்கம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அது தேவையற்றது என்பதோடு நிற்கவில்லை, விலையும் உண்டு.

எம்மேப் திரும்பும் நேரத்தில் உங்களுக்குக் கிடைத்திருப்பது முகவரி மட்டுமே. அதன் பின்னால் நிஜமான நினைவகம் ஒரு பக்கம்கூட இன்னும் ஒதுக்கப்படவில்லை. ஒரு பக்கத்தில் முதல் முறையாக எழுதும்போது பேஜ் ஃபால்ட் ஏற்பட்டு, கெர்னல் ஒரு நிஜப் பக்கத்தை எடுத்துச் சுழியமாக்கி அங்கே பொருத்துகிறது. மேலூர்க்காரர் அண்ணனின் தந்தை மொழியில் சொன்னால், கையில் இருப்பது பத்திரம். கால் வைத்த இடத்தில்தான் மண் வருகிறது. 1 மெகாபைட் என்பது 256 பக்கம். தொடக்கத்தில் ஹெடரை மட்டும் எழுதினால் தொடுவது ஒரே ஒரு பக்கம். மெம்செட் செய்தால் 256 பக்கத்தையும் மிதித்து, 256 ஃபால்ட் வாங்கி, கெர்னல் ஏற்கெனவே துடைத்துத் தந்ததை மறுபடி துடைக்கிறீர்கள். உங்கள் செய்முறையில் இது கண் இமைக்கும் நேரம். நாளை யாரோ அந்த அளவை 1 ஜிகாபைட் என்று மாற்றினால் 2,62,144 பக்கம். அப்போது நிரல் தொடங்குவதே தயங்கித் தயங்கி நடக்கும், நினைவகமும் வீணே பிடிபடும். கெட்ரியூசேஜ் அழைப்பில் சிறு ஃபால்ட்டுகளின் எண்ணிக்கையைத் தரும் உறுப்பு ஒன்று உண்டு. தொடக்கச் சார்புக்கு முன்னும் பின்னும் அதை அச்சிட்டு வித்தியாசத்தை நீங்களே பாருங்கள்.

ஒரு எச்சரிக்கையையும் சேர்த்துவிடுகிறேன். சுழியமாக இருக்கும் என்ற உறுதி முதல் முறைக்கு மட்டுமே. ஃப்ரீ செய்து மறுபடி கொடுக்கும் தொகுதியில் பழைய எழுத்து அப்படியே இருக்கும். ஆகவே பின்னால், சுழியமாக்கிய நினைவகம் தரும் கேலாக் எழுதும்போது, எம்மேப் சுழியம் தந்தது என்று அங்கே சும்மா இருந்துவிடாதீர்கள்.

---

மேலூர்க்காரர் | செவ்வாய், இரவு 8.10

பத்திரம் உவமை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அதை ஓர் எல்லைக்கு மேல் இழுக்கக் கூடாது. லினக்ஸ் இயல்பு அமைப்பில், தன்னிடம் இருக்கும் நினைவகத்தைவிட அதிகத்துக்குப் பத்திரம் எழுதிக் கொடுக்கும். எல்லோரும் ஒரே நேரத்தில் கால் வைக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கைதான் அதன் முதலீடு. நம்பிக்கை பொய்த்தால், நினைவகம் தீரும் நேரத்தில் கெர்னல் ஒரு செயல்முறையைத் தேர்ந்தெடுத்துக் கொன்றுவிடும். இப்படி மனை விற்றால் நம் ஊரில் நீதிமன்ற வாசலிலேயே காலம் போய்விடும்.

எம்மேப் வெற்றியோடு திரும்பியது என்பதை நினைவகம் இருக்கிறது என்று பொருள்கொள்ள வேண்டாம் என்பதற்காகவே இதைச் சொன்னேன். கண்டிப்பான கணக்கு வேண்டுமென்றால் ஓவர்கமிட் அமைப்பை 2 என்று மாற்றலாம். அப்போது பத்திரம் எழுதும் நேரத்திலேயே மறுப்பு வரும்.

---

மாசி வீதி | செவ்வாய், இரவு 9.02

உண்மையான மேலாக்கும் இப்படித்தான் எம்மேப்பிலிருந்து தொடங்குகிறதா?

---

திருமங்கலம் | செவ்வாய், இரவு 9.30

முழுவதும் இல்லை. பழைய யூனிக்ஸ் வழி, எஸ்பிஆர்கே என்ற அழைப்பால் தரவுப் பகுதியின் நுனியை நகர்த்துவது. யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரத்தின் 2001ஆம் ஆண்டுப் பதிப்பில் அந்த அழைப்பு இடம்பெறவில்லை, இருந்தாலும் லினக்ஸில் உயிரோடு இருக்கிறது. லினக்ஸில் வழக்கமான சி நூலகமான ஜிலிப்சியின் மேலாக், டக் லீ 1987இல் எழுதத் தொடங்கிய அலோகேட்டரின் வழியில் வந்தது. அது சிறிய கோரிக்கைகளுக்கு அந்த நுனியை நகர்த்துகிறது, தொடக்கநிலையில் 128 கிலோபைட்டும் அதற்கு மேலும் கேட்டால் தனியாக எம்மேப் செய்கிறது. அந்த வரம்பு ஓட்டத்தின்போது தானாக மாறிக்கொள்ளும். ஓபன்பிஎஸ்டி இயங்குதளம் 2005இல் வந்த 3.8 பதிப்பிலிருந்து எம்மேப்பை அடிப்படையாகக் கொண்டுவிட்டது.

---

யானைமலை மாணவன் | புதன், மாலை 5.25

எல்லோர் சொன்னதையும் செய்துவிட்டேன். மெம்செட்டை நீக்கியதும் தொடக்கச் சார்பின் ஃபால்ட் எண்ணிக்கை 250க்கு மேலிருந்து ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிட்டது. மூன்று ஒதுக்கீட்டுக்குப் பின் 10,48,176 வருகிறது. தோழியின் மடிக்கணினியில் எங்கள் பகுதிக்கு மேலே ஒட்டியே எழுதத்தக்க ஒரு பெயரிலிப் பகுதி இருந்தது. அவள் இப்போது சிரிக்கவில்லை.

இன்று ஆசிரியர், ஃப்ரீக்கு வரும் சுட்டி உண்மையிலேயே நாம் கொடுத்ததுதானா என்று சரிபார்க்க ஹெடரில் ஓர் அடையாள எண் வைக்கச் சொன்னார். மூன்றாவது உறுப்பாக 4 பைட் எண் ஒன்றைச் சேர்த்தேன். 20 பைட் ஆகும் என்று நினைத்தேன்; சைஸ்ஆஃப் 24 என்கிறது. அதன் பிறகு, 16இன் மடங்கில் இருக்க வேண்டிய முகவரிகள் ஒன்றுவிட்டு ஒன்று 8 தள்ளி வருகின்றன.

---

வைகை வடகரை | புதன், இரவு 7.50

24 ஆனதற்குக் காரணம், ஸ்ட்ரக்சருக்குள் இருக்கும் சைஸ்_டியும் சுட்டியும் 8இன் மடங்கில் இருக்க வேண்டும் என்பதால் கம்பைலர் கடைசியில் 4 பைட் நிரப்புகிறது. தொடக்கம் 0, பயனர் முகவரி 24; உங்கள் சங்கிலியின் முதல் கண்ணியே 16இலிருந்து விலகிவிட்டது. அளவை எவ்வளவு கவனமாக முழுமையாக்கினாலும் ஒன்றுவிட்டு ஒரு முகவரி அப்படி விலகியே விழும். எக்ஸ்86 செயலியின் எஸ்எஸ்இ ஆணைகளில் (பல எண்களை ஒரே நேரத்தில் கையாள்பவை) சில 16இன் மடங்கான முகவரியை மட்டுமே ஏற்கும். பயனர் தன் தொகுதியில் அத்தகைய வகை ஒன்றை வைத்தால் அவர் நிரல் விழும், பழி அவர் மீது விழும்.

ஹெடரை 32 ஆக்குவது ஒரு வழி. எனக்கு அது ஊதாரித்தனமாகத் தெரிகிறது. அடுத்த காலித் தொகுதியைக் காட்டும் சுட்டி, தொகுதி காலியாக இருக்கும்போது மட்டும்தான் தேவை. அடையாள எண், தொகுதி பயனர் கையில் இருக்கும்போது மட்டும்தான் தேவை. இரண்டும் ஒரே நேரத்தில் வேண்டியதில்லை என்பதால் ஒரே இடத்தை உறுப்புகள் பகிரும் யூனியன் ஒன்றுக்குள் இரண்டையும் வைத்துவிடுங்கள். ஹெடர் மறுபடி 16. கூடவே, ஹெடரின் அளவு 16ஆல் மீதியின்றி வகுபடுகிறது என்ற _ஸ்டாடிக்_அசர்ட் வரி ஒன்றை ஸ்ட்ரக்சருக்குக் கீழேயே எழுதிவையுங்கள். அடுத்த முறை யாராவது உறுப்பு சேர்த்து அந்தக் கணக்கைக் கெடுத்தால் நிரல் கம்பைல் ஆகவே ஆகாது.

---

சோழவந்தான் | புதன், இரவு 10.15

இழை பெயரிலிப் பகுதியோடு நின்றுவிடும் முன், கோப்பின் மீது எம்மேப் செய்து ஹீப் தொடங்கியவன் என்ற முறையில் என் தலையில் நானே மண் போட்டுக்கொண்ட கதையைச் சொல்கிறேன், ஏனென்றால் பிழை தொடக்கச் சார்பில்தான் இருந்தது.

எங்கள் கொடிக்கால் வெற்றிலைக் கணக்குக்காக ஒரு சிறிய நிரல் எழுதினேன். கட்டு எண்ணிக்கை, கொடுத்த முன்பணம் எல்லாம் ஹீப்பிலேயே இருக்க வேண்டும், ஹீப் ஒரு கோப்பில் இருக்க வேண்டும், நிரலை மூடித் திறந்தாலும் அப்படியே இருக்க வேண்டும் என்பது ஆசை. பகிர்வுக் கொடியோடு எம்மேப் செய்தேன். முதல் நாள் முதல் முறை எழுதும்போதே சிக்பஸ் என்ற பிழை வந்து நிரல் விழுந்தது: புதிதாக உருவாக்கிய கோப்பின் நீளம் 0, எம்மேப் கேட்டதோ 1 மெகாபைட், கோப்பு இல்லாத இடத்தில் கால் வைத்தால் அதுதான் கிடைக்கும். எஃப்ட்ரங்கேட் மூலம் முதலில் கோப்பை நீட்டிவிட்டுப் பிறகு எம்மேப் செய்ததும் சரியானது.

இரண்டாம் நாள் திறந்தபோது கணக்கு எதுவும் இல்லை. நானே அழித்திருந்தேன். தொடக்கச் சார்பு ஒவ்வொரு முறையும் போய் ஒரே பெரிய காலித் தொகுதி என்று ஹெடரை எழுதியது; அதில் ஏற்கெனவே குடியிருப்பவர்களைப் பற்றி அது கேட்கவே இல்லை. பெயரிலிப் பகுதியில் ஒவ்வொரு ஓட்டமும் புது நிலம்; கோப்பில் அப்படி இல்லை. அதன் பிறகு கோப்பின் தலையில் ஓர் அடையாள எண் வைத்தேன். அது இல்லையென்றால் மட்டும் தொடங்கிவைப்பது, இருந்தால் அளவும் பதிப்பும் பொருந்துகின்றனவா என்று மட்டும் பார்ப்பது. அந்த எண்ணைக் கடைசியாக எழுதுவது முக்கியம்: மற்ற எல்லா உறுப்புகளையும் எழுதி, எம்சிங்க் மூலம் வட்டில் பதியவைத்து, அதற்குப் பின்தான் அடையாள எண். முதலிலேயே எழுதிவிட்டு நடுவில் மின்சாரம் போனால், பாதி தொடங்கிய ஹீப் முழுமையானதாக வேடம் போடும்.

மூன்றாவது அடி, சுட்டிகள். ஒவ்வொரு ஓட்டத்திலும் கெர்னல் வேறு முகவரி தரும். நேற்று எழுதிய சுட்டி இன்று யாருடைய வீட்டையோ காட்டும். எனவே சுட்டிக்குப் பதிலாகத் தொடக்கத்திலிருந்து எத்தனை பைட் தள்ளி என்ற எண்ணை வைத்தேன். நிலையான முகவரியைக் கேட்டு வாங்கும் மேப்_ஃபிக்ஸ்ட் கொடியைச் சிலர் பரிந்துரைப்பார்கள். அது அந்த இடத்தில் ஏற்கெனவே இருப்பதைச் சொல்லாமல் அகற்றிவிட்டு வந்து அமரும். அவசியம் என்றால், லினக்ஸ் 4.17 முதல் உள்ள, இருப்பதை அகற்றாமல் மறுப்புச் சொல்லும் கொடியைப் பயன்படுத்துங்கள்.

---

திருமங்கலம் | வியாழன், காலை 10.40

தொடக்கத்தில் இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது. ஃப்ரீ செய்யும்போது அடுத்தடுத்த காலித் தொகுதிகளை இணைக்க வேண்டும். கடைசித் தொகுதிக்கு அடுத்தது எது? ஹீப்பின் கடைசி 16 பைட்டில், அளவு 0, பயன்பாட்டில் உள்ளது என்ற குறியோடு ஒரு முடிவு ஹெடரைத் தொடக்கத்திலேயே நட்டுவிடுவது என் வழக்கம். அப்போது முதல் காலித் தொகுதி 10,48,544 ஆகும்.

---

வைகை வடகரை | வியாழன், மதியம் 1.20

ஐயா, இதில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. அந்த முடிவு ஹெடர் என்ற கல், தொகுதியின் இரு முனையிலும் அளவை எழுதும் எல்லைக்குறி முறையில் கட்டாயம். அங்கே பக்கத்து ஹெடரை நேரடியாகப் படித்துத்தான் காலியா என்று அறிகிறோம். மாணவர் வைத்திருப்பது முகவரி வரிசையில் உள்ள காலிப் பட்டியல். அதில் ஒரு தொகுதி முடியும் முகவரி, பட்டியலில் அடுத்ததன் தொடக்க முகவரியோடு பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். கடைசியானதற்கு அடுத்தது நல். எல்லைக்கு வெளியே யாரும் எட்டிப் பார்ப்பதே இல்லை. பிறகு 16 பைட் எதற்கு?

---

திருமங்கலம் | வியாழன், மதியம் 3.05

ஒரே பகுதி இருக்கும் வரை நீங்கள் சொல்வது சரி. ஹீப் தீர்ந்து இரண்டாவது முறை எம்மேப் செய்கிறார் என்று வையுங்கள். மேலூர்க்காரர் சொன்னபடி அது முதல் பகுதிக்குக் கீழே ஒட்டி வந்து அமரக்கூடும். புதிய பகுதி முடியும் முகவரியும் பழைய பகுதி தொடங்கும் முகவரியும் ஒன்றாகிவிடும். அப்போது உங்கள் ஒப்பீடு இரண்டு பகுதியையும் தாண்டி ஒரே காலித் தொகுதியாக இணைத்துவிடும். பின்னால் புதிய பகுதியை மட்டும் எம்அன்மேப் செய்து திருப்பிக் கொடுக்க நினைக்கும்போது, அந்தத் தொகுதியின் ஹெடர் அதோடு போய்விடும். நட்ட கல் இருந்தால் இணைப்பு அங்கேயே நிற்கும்.

---

வைகை வடகரை | வியாழன், மாலை 6.30

அந்த இடத்தை நான் எண்ணிப் பார்க்கவில்லை, ஏற்கிறேன். செய்முறையின் நிபந்தனை ஒரே எம்மேப் அழைப்பு என்பதால் இப்போதைக்குக் கல் இல்லாமல் விட்டாலும் தவறில்லை, ஆனால் ஹீப்பை வளர்க்கும் நாளில் முதல் வேலையாக அதை நடுங்கள், தம்பி.

---

யானைமலை மாணவன் | வெள்ளி, இரவு 8.20

இப்போதே நட்டுவிட்டேன் அக்கா. ஹீப் முழுவதையும் தொகுதி தொகுதியாக நடந்து சரிபார்க்கும் ஒரு சிறிய சார்பு எழுதினேன். அளவு 0 வந்தால் நிற்பது என்பதால் அதற்கும் அந்தக் கல் பயன்பட்டது. தொடக்கச் சார்பின் கடைசி வரியிலேயே அதை ஒரு முறை அழைக்கிறேன். மூன்று ஒதுக்கீட்டுக்குப் பின் மீதி 10,48,160.

அந்தச் சார்பு இன்று மாலை ஒரு பிழையைப் பிடித்தது. தோழி விளையாட்டாக -1 பைட் கேட்டாள். சைஸ்_டியில் அது 18446744073709551615. 16இன் மடங்காக்க 15ஐக் கூட்டியதும் எண் சுற்றிவந்து 14 ஆனது. முழுமையாக்கலில் 0 ஆனது. அலோகேட்டர் மகிழ்ச்சியோடு 0 பைட் தொகுதி ஒன்றை வெட்டி, செல்லத்தக்க சுட்டியையே திருப்பித் தந்தது. ஹீப்பை நடந்து பார்க்கும் சார்பு அந்த 0ஐ முடிவுக் கல் என்று நினைத்து நடுவழியில் நின்றுவிட்டது, அதனால்தான் தெரிந்தது. கேட்ட அளவு ஹீப்பின் மொத்த அளவைவிடப் பெரிதா என்று கூட்டுவதற்கு முன்பே பார்க்கிறேன் இப்போது. 0 பைட் கேட்டால் 16 கொடுக்கிறேன். திங்கட்கிழமை ஒப்படைப்பு.